கூடாரத்தின் எடை

ஜனவரி 3, வெள்ளி

என்ன சாப்பிடுகிறேன் என்று தினமும் எழுதி வரச் சொன்னார் சர்க்கரை டாக்டர். காலையில் மூன்று இட்லி. மத்தியானம் கம்பஞ்சோறு, பாகற்காய். எழுதியாகிவிட்டது. மீதிப் பக்கத்தை வெறுமனே விட எனக்கு மனசு வராது. அதனால் மற்றதையும் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து இப்படித்தான் இருக்கும். பிடிக்காவிட்டால் டாக்டர் அடுத்த பக்கம் போகட்டும்.

பேத்தி பூவிழி ஹால் முழுக்கக் கடை பரப்பி வைத்திருக்கிறாள். மதுரையிலிருந்து கோடியக்கரைக்கு சைக்கிளில் போகப் போகிறாளாம். தனியாக. இருபத்தேழு வயதுப் பெண் போகிற போக்கா இது? எதற்கு என்று கேட்டேன்.

"பறவை பாக்க அப்பத்தா. தை மாசம் வெளிநாட்டுலருந்தெல்லாம் வரும்."

"வண்டியூர் கம்மாயில இல்லாத பறவையா?"

"அது கொக்கு."

"ஏன், கொக்குக்கு ரெக்கை இல்லையா?"

சிரித்தாள். பல் விளக்கும் பிரஷ்ஷின் காம்பைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். கனம் குறைய வேண்டுமாம்.

கோடியக்கரைக்கு வேதாரண்யத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள்.

ஜனவரி 5, ஞாயிறு

காலை தோசை இரண்டு. மாத்திரை போட்டேன்.

அவள் ஒரு சின்னத் தராசு வாங்கியிருக்கிறாள். எதை எடுத்தாலும் அதில் ஏற்றுகிறாள். பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேர் ட்யூப், மழைக்கோட்டு. ஒன்றை ஏற்றி, முகம் சுளித்து இறக்கி வைக்கிறாள். துண்டுக்குப் பதிலாகக் கைக்குட்டை மாதிரி ஒன்று. மாற்று உடுப்பு ஒரே ஒரு செட். இறங்குகிற இடத்தில் துவைத்து, காலையில் காய்ந்திருந்தால் போடுவது, காயாவிட்டால் சைக்கிளிலேயே கொடி கட்டிக் காயப்போடுவது. சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு பை. முன்னால் பை கூடாதாம், ஹேண்டில் இழுக்குமாம்.

எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்தேன். எடுத்துவிட்டாள். போர்வை வைத்தேன். எடுத்துவிட்டாள். எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் வைத்தேன்.

"அப்பத்தா, இதத் தூக்கிக்கிட்டு நான் மேட்டுல மிதிக்கணும்."

"சோத்துக்குத் தொட்டுக்க என்னத்தடி செய்வ?"

"சோறே வாங்கித்தான் திங்கணும். ஊறுகா அவனே வைப்பான்."

"கண்டவன் வைக்கிற ஊறுகாயைத் திங்கத்தான் உன்னை வளத்தேனாக்கும்."

எல்லாம் எடை பார்த்து முடிந்த பிறகு, தராசில் ஏற்றாமலேயே ஒரு பொட்டலத்தைப் பையின் அடியில் வைத்தாள். கையால் அமுக்கிப் பார்த்தேன். சுங்குடிச் சேலை. நல்ல கனம். இவள் சேலை கட்டுகிறவள் இல்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 8, புதன்

இன்று வழி போட்டாள். போன வருடத்துக் காலண்டர் தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலால் கோடு. ரோடு விஷயம் என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டியதுதான். அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் நான் ஏறி இறங்கியவள்.

நேரே போனால் சிவகங்கை, காளையார்கோயில், தேவகோட்டை, அப்புறம் தொண்டி, அங்கிருந்து கடலோரமாக மணமேல்குடி, முத்துப்பேட்டை. நான் வேறு வழி சொன்னேன். திருப்பத்தூர், புதுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போ, பெரிய கோயிலைப் பார், அப்படியே திரும்பி வந்துவிடு.

"கோடியக்கரை?"

"அங்கிட்டுத் தண்ணியெல்லாம் உப்பு. குடிச்சா வயித்தால போகும்."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு எடுத்து, நேர் வழியிலேயே கோடு போட்டாள். ராத்தங்கல்தான் பிரச்சினை. தனியாக வருகிற பெண்ணுக்கு ரூம் கொடுக்க லாட்ஜில் ஆயிரம் கேள்வி கேட்பார்களாம். அந்த ரோட்டில் நம் சொந்தக்காரர்கள் யார் இருக்கிறார்கள் என்றாள்.

இருக்கிறார்கள், இல்லாமல் என்ன? காளையார்கோயிலில் என் உடன்பிறந்த தம்பி கருப்பையா. என் வீட்டுக்காரர் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவன்தான் முதலில் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும். ஊர் ஜனமெல்லாம் உட்கார்ந்திருக்க, வெயில் ஏறின பிறகு வந்தான். எட்டு முழம் நூல் சேலை, கரை ஒரு விரல் அகலம்கூட இல்லை. அன்றிலிருந்து அவன் வீட்டுத் தண்ணீர் எனக்கு ஆகாது. தேவகோட்டையில் என் நாத்தனார் ருக்குமணி. அவள் மகள் கல்யாணப் பந்தியில் எனக்கு உடைந்த அப்பளம் வைத்தாள். கூடையில் முழு அப்பளம் இருந்ததை நான் பார்த்தேன். மணமேல்குடியில் ருக்குமணியின் மூத்த மகன். நம் வீட்டு அண்டாவை இரவல் வாங்கி, இடுப்பில் நசுங்கலோடு திருப்பிக் கொடுத்தவன். கேட்டால் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றான்.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"மூணு ஊர்லயும் வீடு இருக்கு. ஒரு வீட்டுக்குள்ளயும் போக முடியாது. அப்ப நான் கூடாரம் தூக்கணும், படுக்கிற பை தூக்கணும், அடுப்புத் தூக்கணும்." பேசிக்கொண்டே தராசில் வைத்தாள். "உன் கோவம் மூணு கிலோ இருக்கு அப்பத்தா."

வாய் ஜாஸ்தி. அவள் அம்மாவுக்கும் இதே வாய்தான்.

ஜனவரி 11, சனி

இரண்டு சப்பாத்தி. சர்க்கரை ஏறித்தான் இருக்கிறது. வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். எழுதாமல் விட்டால் டாக்டருக்குத் தெரியவா போகிறது? சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி.

பால் பொங்குகிற நேரம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பத்தா, நான் எங்க போறேன்னு உனக்குத் தெரியும்."

"கோடியக்கரைக்கு."

"அதுக்கு முன்னாடி வேதாரண்யம் வருது."

"வரட்டும். ரோடுன்னா ஊரு வரத்தான் செய்யும்."

"அம்மாவப் பாக்கப் போறேன். ரெண்டு மாசமாப் போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

நான் கரண்டியை விடாமல் கிண்டிக்கொண்டிருந்தேன். இவளுக்கு நாலு வயதில் என் மகன் செல்வபாண்டி லாரி மோதிப் போய்ச்சேர்ந்தான். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, இவள் அம்மா வனரோஜாவின் அண்ணன் வந்து வேதாரண்யத்தில் உப்பள மேஸ்திரி ஒருவனுக்கு அவளை மறுபடி கட்டிக்கொடுக்கப் பேசினான். போவதானால் நீ போ, பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை, இங்கேதான் இருக்கும் என்றேன். அவள் போனாள். இதில் பிள்ளையை விட்டது யார்? இவள் கேட்கட்டும், நான் சொல்கிறேன். ஆனால் இவள் கேட்கவில்லை.

"பஸ்ஸுல போக வேண்டியதுதானே? பகலுக்குள்ள போயிறலாம்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு. பஸ்ஸுல ஏறுனா பொழுது சாயிறதுக்குள்ள அவங்க வாசல்ல நிப்பேன். அம்புட்டு வெரசாப் போய் நிக்க எனக்குத் தைரியம் இல்ல. சைக்கிள்னா நாலஞ்சு நாளாகும். மிதிக்க மிதிக்க வந்துரும்னு நினைக்கிறேன்."

"திரும்பி வருவியா?"

"வருவேன்."

சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்து விட்டாள். என் காது நன்றாகக் கேட்கும். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அதையேதான் இருவரும் தின்றோம்.

ஜனவரி 18, சனி

பை கட்டி, சைக்கிளில் மாட்டித் தெருவில் ஓட்டிப் பார்த்தாள். கீழ்வீட்டு ரெஜினா வாசலில் நின்று, "பாட்டிம்மா, தைரியமான பிள்ளை வளத்திருக்கீங்க" என்றாள். ஆமாம், என்னை விட்டுப் போகிற அளவுக்குத் தைரியமாக வளர்த்திருக்கிறேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை.

கூடாரத்தைக் கூடத்தில் விரித்துக் காட்டினாள். குனிந்து உள்ளே போய்ப் படுத்துப் பார்த்தேன். பச்சைத் துணி, முகத்துக்கு மேலேயே வந்து நிற்கிறது. வெளியே நாய் வந்து மோந்தாலும் தெரியாது, ஆள் வந்து நின்றாலும் தெரியாது. பெட்ரோல் பங்க், கோயில் மண்டபம், அந்த மாதிரி இடத்தில் கேட்டுக்கொண்டு அடித்துக்கொள்வாளாம். எழுந்து வெளியே வர முட்டி ஒத்துழைக்கவில்லை. அவள்தான் இழுத்துவிட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

போய்விட்டாள். வெளுக்கும்போதே கிளம்பினாள். காலில் விழுந்தாள். திருநீறு பூசினேன். பார்த்துப் போ என்றேன். தெருமுனையில் திரும்பும்போது கையை ஆட்டினாள். பை இரண்டும் யானைக் காது மாதிரி ஆடிக்கொண்டே போயின.

சாயங்காலம் போன் வந்தது. கொண்டல் காற்று முகத்துக்கு நேராக அடிக்கிறதாம். மிதித்தும் வண்டி நகரவில்லையாம். காளையார்கோயில் வரை வந்துவிட்டாளாம். பங்க்காரன் கூடாரம் அடிக்க விடவில்லை. முதலாளியைக் கேட்க வேண்டும் என்கிறானாம். முதலாளி போனை எடுக்கவில்லையாம்.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு அப்பத்தா. பாத்துக்கிறேன்" என்றாள். சொல்கிற குரல் அப்படி இல்லை.

போன வருடம் யாரோ ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்கள். அதில் கருப்பையாவின் நம்பர் அச்சடித்திருந்தது. பத்திரிகையைக் கிழித்து அடுப்பில் போட்டேன். நம்பர் எனக்கு மறக்கவில்லை.

"யாரு?" என்றான். கிழவன் குரல்.

"நாந்தான்."

ஒரு தடவை இருமினான். பிறகு, "அக்காவா?"

"பெட்ரோல் பங்க்குகிட்ட சைக்கிளோட ஒரு பிள்ளை நிக்குது. மஞ்சச் சட்டை. கூட்டிட்டுப் போய் சோறு போடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

"நம்ம பூவிழியா?"

"பின்ன, ஊருல இருக்கிற பிள்ளைகளையெல்லாமா நான் சைக்கிள்ல அனுப்புறேன்?"

அவன் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. போனை வைத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

காலை ஒன்றும் சாப்பிடவில்லை.

அவள் போன் வந்தபோது பல்கூட விளக்கியிருக்கவில்லை.

"கருப்பையா தாத்தா வீட்டுலருந்து பேசுறேன்."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். மீன் குழம்பு. தாத்தா எல்லாம் சொன்னாரு."

"அவனுக்குச் சொல்ல என்ன இருக்கு?"

"கோடி விடியக்காலமே வந்துருச்சாம். அதுக்கப்புறமும் பல வருசம் நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தீங்களாம். எனக்கு எட்டு வயசுல தாத்தா அம்மாவக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்தாராம். என்னைப் பாக்க. நீ படியேற விடலையாம். அன்னைக்கோட பேச்சு நின்னு போச்சாம்."

"நீ பள்ளிக்கூடத்துல இருந்த. நான் அதத்தான் சொன்னேன்."

"ஞாயித்துக்கிழமை அப்பத்தா."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு ஏது பள்ளிக்கூடம்?"

கருப்பையாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் நிற்காது. எங்கள் ஐயாவிடம் என்னை எத்தனை தடவை காட்டிக்கொடுத்திருக்கிறான்! கோடிச் சேலையின் கரை ஒரு விரல் அகலம்கூட இல்லை. அது பொய்யில்லை.

வைப்பதற்கு முன்னால் சொன்னாள், கூடாரத்தையும் அடுப்பையும் கருப்பையா வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகிறாளாம். தேவகோட்டைக்கும் மணமேல்குடிக்கும் அவன் போன் போட்டுச் சொல்லிவிட்டானாம். எல்லோரும் வா வா என்கிறார்களாம். வண்டி இனிமேல் லேசாகப் போகுமாம்.

ஜனவரி 21, செவ்வாய்

போன் வரவில்லை.

ஜனவரி 22, புதன்

கஞ்சி. போனில் ஏதோ எழுத்து வந்தது. ரெஜினாவைப் படிக்கச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும், கண்ணாடிதான் எங்கேயோ கிடக்கிறது. 'மணமேல்குடி வந்தாச்சு' என்று இருந்ததாம். வேறு ஏதாவது இருக்கிறதா, நன்றாகப் பார் என்றேன். இல்லை பாட்டிம்மா, அவ்வளவுதான் என்றாள்.

உடைந்த அப்பளம் வைத்தவள் வீட்டில் நேற்றுப் படுத்து எழுந்திருக்கிறாள். என்ன வைத்தார்களோ!

ஜனவரி 24, வெள்ளி

போய்ச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் பேசினாள். உப்பளத்து ரோட்டில் காற்று தள்ளித் தள்ளி, கடைசித் தூரம் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போனாளாம். அந்தத் தெருவில் யாரையும் வழி கேட்கவில்லையாம். ஒருத்தி வெளியே நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்பத்தா, அம்மாட்ட குடுக்குறேன்."

"வேணாம்" என்பதற்குள் கை மாறிவிட்டது.

"அத்தே…"

நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இருந்தது.

ஜனவரி 27, திங்கள்

ஆபீசில் பேசி, அங்கிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாளாம். எப்போது வருவாய் என்று கேட்டேன். வருவேன் அப்பத்தா, எப்பன்னு தெரியல என்றாள். இந்தத் தடவை மூச்சு இழுக்கவில்லை. ரெஜினாவிடம் சொல்லி எனக்கு மாத்திரை வாங்கித்தர ஏற்பாடு செய்திருக்கிறாள். பறவை பார்த்தாயா என்றேன். இன்னும் போகலை என்றாள்.

பிரஷ் வாங்கித் தந்தாளாம் அவள் அம்மா. முழுக் காம்போடு.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று அவளே கூப்பிட்டாள். வனரோஜா. பூவிழி கடைக்குப் போயிருக்கிறாளாம்.

"வச்சிராதீங்க அத்தே. சண்டைக்கு வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். எம்பிள்ளையப் பக்கத்துலயே உக்கார வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணுமே தெரியல எனக்கு. மொதப் பல்லு எப்ப விழுந்துச்சு, எப்ப சமைஞ்சா, அம்மை போட்டுச்சா… அவளக் கேட்டா ஞாபகம் இல்லைங்கிறா. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமே அத்தே. உங்களவிட்டா யாரு சொல்லுவா?"

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன்.

"நெத்தியில முடிக்குள்ள ஒரு தழும்பு இருக்கு. நான் விட்டுட்டுப் போறப்ப இல்ல. தலை வாரிவிடுறப்பப் பாத்தேன். எப்படி விழுந்தா அத்தே?"

குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

அந்தத் தழும்பு, நிலைக்கதவில் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா குரல் கேட்டதும் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். ஓடி வருகிற பிள்ளை பார்த்து வர வேண்டாமா? மூன்று தையல். டாக்டரிடம் ஊஞ்சலில் விழுந்தாள் என்றேன். பிள்ளையிடமும் ஊஞ்சல் என்றே சொல்லிச் சொல்லி, அவளும் மறந்துவிட்டாள். நல்லதுதானே!

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு, நானாக வனரோஜாவின் நம்பரைப் போட்டேன். எடுத்தாள். நல்லா இருக்கியா என்றெல்லாம் நான் கேட்கவில்லை.

"மொதப் பல்லு கீழ்ப்பல்லு. நீ போன ஆவணி மாசம். முறுக்குத் திங்கிறப்ப விழுந்துச்சு. முழுங்கிட்டோமோன்னு அழுதா. கூரை மேல எறிஞ்சோம்."

"இன்னும் சொல்லுங்க அத்தே" என்றாள்.

சொன்னேன். வெந்நீர் கொட்டிக் கால் பொத்துப்போனது. 'ழ' வராமல் தன் பேரையே 'பூவிளி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. பூனைக்குட்டி செத்ததற்கு நாள் முழுக்கச் சோறு தின்னாதது. இரண்டாம் வகுப்பு டீச்சர் பெயர் செபஸ்தியம்மாள். அவள் இவளை இடது கையால் எழுதக் கூடாது என்று அடித்தது, நான் போய்ச் சண்டை போட்டது. எல்லாம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் உம் கொட்டினாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள். ஒரு தடவை மூக்கைச் சிந்தினாள். அடுப்படியில் எனக்குத் தொண்டை காய்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். இருபது வருடமாக யாரும் என்னிடம் இதையெல்லாம் கேட்டதில்லை.

எட்டு வயதுக்கு வந்தேன். நிறுத்தினேன்.

"அத்தே?"

"ம்."

"அன்னைக்கு நானும் கருப்பையா மாமாவும் வந்தோம்ல. வாசல்ல நின்னப்ப உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. தடார்னு. எனக்கு இன்னமும் காதுல இருக்கு அத்தே. குடம் விழுந்துருச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

தழும்பைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை. காத்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தது, காத்துக்கொண்டிருந்தாள்.

"குடந்தான்" என்றேன்.